இயல் 9: சைலன்சரை வீட்டிலேயே மாற்றுதல்

உறுப்பும் அதன் வேலையும்

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஹெட்டிலிருந்து புறப்பட்டுப் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் முடியும் குழாய்த் தொகுதி முழுவதையும் பேச்சு வழக்கில் சைலன்சர் என்றே குறிப்பிட்டாலும், அது இரு பகுதிகளால் ஆனது. ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கும் முன்பகுதி பெண்ட் பைப் எனப்படும். அதைத் தொடர்ந்து வரும் பருத்த உருளையே ஒலியை அடக்கும் சைலன்சர். 100 முதல் 125 சி.சி. வரையிலான இந்திய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே உறுப்பாக வருகின்றன. ராயல் என்ஃபீல்டு புல்லட் போன்ற வண்டிகளில் இவை தனித்தனியாக இருந்து, கிளாம்ப் என்னும் இறுக்குப் பட்டையால் இணைக்கப்படுகின்றன. இந்த இயலில் விளக்கப்படும் முறை, ஒற்றைச் சிலிண்டரும் ஒரே துண்டான சைலன்சரும் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் வண்டியை முதன்மையாகக் கொண்டது.

எரிந்த வாயுவை வெளியேற்றும் வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும், சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் உயரழுத்த வாயு ஒரே வீச்சில் குழாய்க்குள் பாய்கிறது; அந்த அழுத்த அலையே செவியில் வெடியோசையாக விழுகிறது. சைலன்சரின் உள்ளே தடுப்புத் தகடுகளால் பிரிக்கப்பட்ட அறைகளும், அவற்றை இணைக்கும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. அறைக்கு அறை செல்லும் அலைகள் விரிந்தும், சுவரில் மோதித் திரும்பியும், ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்வதால் ஓசை தணிகிறது. குழாயின் நீளம், விட்டம், அறைகளின் கொள்ளளவு ஆகியவை அந்தந்த எஞ்சினுக்கென்று கணக்கிடப்பட்டவை என்பதால், இதை வண்டியின் பக்கத்தில் தொங்கும் அலங்காரப் பொருளாகக் கருதாமல், எஞ்சினின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும்.

இதை மாற்றுவதற்குப் பெரிய பட்டறையோ மிகுந்த கைவலிமையோ தேவையில்லை. ஹெட்டில் உள்ள இரண்டு நட்டுகளும் பின்புறம் உள்ள ஓரிரு போல்ட்டுகளும்தான் முழுத் தொகுதியையும் தாங்குகின்றன. எனினும், எதை முதலில் தளர்த்துவது, எதைக் கடைசியில் இறுக்குவது என்னும் வரிசை தவறினால், குறைந்த செலவில் முடியும் வேலை ஹெட்டையே கழற்றும் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

மாற்ற வேண்டிய நிலையை அறிதல்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி, அந்த ஆவி அப்படியே வெளியேறிவிடும். கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சர் போதிய அளவு சூடாவதற்குள் எஞ்சின் நிறுத்தப்பட்டுவிடுவதால், ஆவி குளிர்ந்து நீராகி அடியில் தேங்குகிறது. எரிபொருளின் மிச்சங்களோடு கலந்து இலேசான அமிலத்தன்மை பெறும் அந்த நீர், தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. ஆகவே வெளியே குரோம் பூச்சு பளபளவென்று இருக்கும் சைலன்சரின் அடிப்பாகத்தில் திடீரென்று ஓட்டை விழுவதில் வியப்பில்லை.

வண்டியின் ஓசை மாறியதாலேயே சைலன்சர் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில், வாயு கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் என்னும் வளையம் நசுங்கியோ எரிந்தோ போனாலும் இதே போன்ற ஓசை எழும். ஹெட்டின் வாயைச் சுற்றிக் கரிப்புகை படிந்திருப்பதும், ஆக்சிலரேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று பின்வெடி கேட்பதும் கேஸ்கெட் கசிவின் அடையாளங்கள். அங்கு மாற்ற வேண்டியது கேஸ்கெட் மட்டுமே. உருளையைக் கையால் அசைக்கும்போது உள்ளே தகடு உருளும் ஓசை கேட்டாலோ, அடித் தகட்டை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்துத் துருத்தூள் உதிர்ந்தாலோ, தாங்கு பட்டையின் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தாலோ, சைலன்சரை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் நிலை வேறு. அவற்றில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் குழாயினுள் கரி அடைத்துக்கொள்வதே பெரும்பாலும் குறையாக இருக்கும்; பின்முனையில் உள்ள பேஃபிள் என்னும் உட்குழாயைக் கழற்றிக் கரியை நீக்கினாலே வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளின்படி தயாரான வண்டிகளின் புகைக்குழாயில் இரண்டு கூடுதல் உறுப்புகள் உள்ளன. ஒன்று, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும் வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்ட தேன்கூட்டு வடிவ உட்பகுதி, கார்பன் மோனாக்சைடு முதலிய நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. மற்றொன்று, ஆக்சிஜன் சென்சார். எரிந்த வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்லும் இந்த உணரியைக் கொண்டே பெட்ரோலின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே, மாற்றி இல்லாத பழைய வகைச் சைலன்சர் அளவில் பொருந்தினாலும் இத்தகைய வண்டிக்கு ஏற்றதன்று.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஓசையை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. தயாரிப்பு நிலையில் 80 சி.சி. வரை 75 டெசிபல், 80க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்று இருசக்கர வண்டிகளுக்கு உச்சவரம்பு வகுக்கப்பட்டுள்ளது. ஓசை, புகை ஆகியவற்றின் வரம்பை மீறி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குத் தகுதியிழக்கும். தடுப்புகள் நீக்கப்பட்ட ‘ஃப்ரீ ஃப்ளோ’ சைலன்சர்கள் சிறிய எஞ்சினின் திறனைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவதில்லை. கார்புரேட்டர் வண்டியில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை எரிவதால் எஞ்சினின் சூடு கூடவும் இடமுண்டு.

எனவே வாங்க வேண்டியது, வண்டியின் மாதிரிப் பெயரும் தயாரிப்பு ஆண்டும் பொருந்திய, நிறுவனத்தின் அசல் உறுப்பு அல்லது அதற்கு நிகரான தரமுள்ள மாற்று உறுப்பு. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும், பிற ஊர்களில் ஷோரூம்களின் உதிரிப்பாகப் பிரிவிலும் இவை கிடைக்கும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய உறுப்பை வாங்குவோர், அதன் உட்பகுதி உருவப்படாமல் இருக்கிறதா என்பதை எடையைக் கொண்டும், டார்ச் ஒளி பாய்ச்சியும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே கிடத்தி, தாங்கு பட்டைகளின் துளை இடம், குழாயின் வளைவு, ஹெட்டில் பொருந்தும் விளிம்பின் விட்டம், சென்சார் மரையின் இடம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பழையதைக் கழற்றும் முன்பே வண்டியோடு வைத்து இவற்றைச் சரிபார்ப்பது அதைவிட நல்லது.

தேவையான கருவிகளும் பொருள்களும்

10, 12, 14 மி.மீ. அளவுகளில் ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் அல்லது டி ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கம்பி பிரஷ், துருவை இளக்கும் ஸ்பிரே, கையுறை, கண்ணாடி ஆகியவை போதும். குறித்த விசையில் மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருந்தால் சிறப்பு. புதிய கேஸ்கெட்டும் ஹெட்டுக்குரிய புதிய நட்டுகளும் கட்டாயம் வேண்டும். ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி அதே இடத்தில் அதே வடிவில் அமராது. ஹெட்டின் நட்டுகளுக்குத் திறந்த வாயுள்ள ஸ்பேனரையோ, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையோ பயன்படுத்தக் கூடாது. துருவேறிய நட்டின் முனைகள் அவற்றால் மழுங்கிவிட்டால் பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது.

பழையதைக் கழற்றுதல்

வேலைக்கு முந்தைய இரவே ஹெட்டின் நட்டுகளிலும் பின்போல்ட்டிலும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட வேண்டும். இதனால் எண்ணெய் மரைக்குள் இறங்குவதோடு, பல நூறு டிகிரி வரை சூடேறக்கூடிய பெண்ட் பைப் முழுவதும் ஆறிவிடவும் செய்கிறது. மறுநாள் வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திய பின், ஹெட்டிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஸ்டட் என்னும் தலையில்லாத போல்ட்டின் நுனியைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். நட்டுக்கு வெளியே தெரியும் இந்த மரை சில மில்லிமீட்டரே ஆனாலும், நட்டு கழன்று வெளியே வரும்போது இதன்மீதுதான் ஏறி வர வேண்டும். அதில் அடைத்துள்ள துருவே பெரும்பாலான முறிவுகளுக்குக் காரணம்.

சென்சார் உள்ள வண்டியில், சாவியை அணைத்துவிட்டு, அதன் வயர் எங்குச் செல்கிறது என்று பார்த்து இணைப்பியைப் பிரித்த பிறகே சென்சாரைக் கழற்ற வேண்டும். வயரைப் பிரிக்காமல் திருப்பினால் உள்ளே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். கழற்றிய சென்சாரின் நுனி எண்ணெயோ கிரீஸோ படாத இடத்தில் வைக்கப்பட வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் குழாய்க்குக் குறுக்கே நின்றால் அவற்றையும் கழற்றி, வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும்.

கழற்றும் வரிசை பின்வருமாறு அமையும்.

1. பின்போல்ட்டைச் சற்றே தளர்த்த வேண்டும். ஆனால் உருவி எடுக்கக் கூடாது. அதை முதலில் எடுத்துவிட்டால் சைலன்சரின் முழு எடையும் ஹெட்டின் இரு ஸ்டட்டுகளின்மீது விழுந்து, அவற்றை வளைத்துவிடும்.

2. ஹெட்டின் நட்டுகளை மாறிமாறிக் கால் சுற்றுக் கணக்கில் தளர்த்த வேண்டும். நட்டு இறுக்கமாகக் கீச்சிட்டால் அதே திசையில் அழுத்தாமல், சிறிது பின்னோக்கி இறுக்கி, மறுபடி எண்ணெயிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து வெளியே கொண்டுவர வேண்டும்.

3. நட்டுகள் கழன்றதும் விளிம்புத் தகட்டைக் குழாயின்மீது கீழே நகர்த்த வேண்டும். சில பழைய வண்டிகளில் இத்தகட்டுக்குப் பின்னால் இரு பாதி வளையங்கள் இருக்கும். அவை கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஒரு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொண்டே பின்போல்ட்டை உருவி, தொகுதியை முன்னோக்கிச் சாய்த்து இறக்க வேண்டும். தாங்கு பட்டையின் துளையில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் அதனுள் இருக்கும் இரும்புக் குழலையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் கழன்று வந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அதன் மரையைச் சுத்தம் செய்து, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பூட்டி, மேல் நட்டைத் திருப்புவதன் மூலம் ஸ்டட்டைத் திரும்பவும் ஹெட்டில் ஏற்றிவிடலாம். ஆனால், ஸ்டட் முறிந்து அதன் அடித்துண்டு ஹெட்டுக்குள் தங்கிவிட்டால் வீட்டு வேலை அத்துடன் நிற்க வேண்டும். ஹெட் அலுமினியத்தால் ஆனது, ஸ்டட்டோ எஃகு. கையில் பிடித்த டிரில்லின் முனை கடினமான எஃகை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் வழுக்கிச் செல்வது இயல்பு. லேத் பட்டறையில் நேராகத் துளையிட்டு, தேவைப்பட்டால் புதிய மரைச் சுருள் பதித்துக்கொள்வதே ஹெட்டைக் காப்பாற்றும் வழி.

ஹெட்டின் வாயைச் சுத்தம் செய்தல்

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே. பழைய கேஸ்கெட் நசுங்கிக் கரியேறி, ஹெட்டின் உட்சுவரோடு ஒன்றிப்போய்ப் பார்வைக்கு ஹெட்டின் விளிம்பு போலவே தோன்றும். அதை எடுக்காமல் அதன்மீதே புதியதை வைத்தால் குழாய் நேராக அமராமல் கசியும். டார்ச் ஒளியில் வளையத்தின் ஓரத்தைக் கண்டறிந்து, சிறிய ஸ்க்ரூடிரைவரால் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி எடுக்க வேண்டும். பழைய வண்டிகளின் கேஸ்கெட்டில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு எடுப்பதே பாதுகாப்பு. நெம்புவதற்கு முன் துவாரத்தின் உட்பகுதியில் ஒரு துணியைத் திணித்துக்கொள்ள வேண்டும். வெளியேற்ற வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால், உதிரும் துண்டுகள் சிலிண்டருக்குள்ளேயே போய்ச் சேரலாம். வேலை முடிந்ததும் துணியை வெளியே எடுத்துவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

புதியதைப் பொருத்துதல்

புதிய கேஸ்கெட்டின் ஒரு பக்கத்தில் சாதாரண கிரீஸை மிகச் சிறிதளவு தடவினால் அது கீழே விழாமல் ஹெட்டின் வாயில் ஒட்டிக்கொள்ளும். கசிவை அடைக்கிறோம் என்று சிலிக்கான் பசையைப் பூசுவது தவறு. அந்த வெப்பத்தில் அது எரிந்துபோவதோடு, அதிலிருந்து எழும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். சூட்டில் மரை இறுகிக்கொள்வதைத் தடுக்கும் காப்பர் கிரீஸை ஸ்டட்டுகளின் மரையில் மட்டும் மெல்லியதாகப் பூசலாம்.

சைலன்சரைத் தூக்கிக் குழாயின் முனையை ஹெட்டில் பொருத்தியவுடன், பின்போல்ட்டை விரலால் மட்டும் சில சுற்றுகள் ஏற்றிவிட வேண்டும். அதன்பின் விளிம்புத் தகட்டை மேலேற்றி, ஹெட்டின் இரு நட்டுகளையும் விரலாலேயே அமரும் வரை திருப்ப வேண்டும். இந்நிலையில் தொகுதி முழுவதும் தளர்வாக, ஆனால் தன் இடத்தில் இயல்பாகத் தொங்க வேண்டும். பின்துளைகள் ஒன்றோடொன்று நேர்ப்படவில்லையென்றால், போல்ட்டை இறுக்கி அவற்றை இழுத்துச் சேர்க்க முயலாமல், குழாயை ஹெட்டில் சற்றே சுழற்றி இடம் காண வேண்டும். பக்கவாட்டில் சிறு இடைவெளி இருந்தால் அதை வாஷரால் நிரப்ப வேண்டும். இழுத்துப் பூட்டப்பட்ட குழாய் எஞ்சினின் அதிர்வையும் சூட்டின் விரிவையும் தாங்காமல், சில மாதங்களில் தாங்கு பட்டையிலோ ஸ்டட்டிலோ விரிசல் காணும்.

இறுக்கும்போது ஹெட்டின் நட்டுகளே முதலில் வருகின்றன. இரண்டையும் மாறிமாறி அரைச் சுற்றாக இறுக்கி, விளிம்புத் தகட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். எவ்வளவு விசை என்பதற்கு வண்டியின் சர்வீஸ் கையேடே முடிவான ஆதாரம். பொதுவாக 6 மி.மீ. ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்ற அளவைத் தாண்டத் தேவையிராது. தனிச் சைலன்சர் உள்ள வண்டியில் அடுத்து கிளாம்பையும், எல்லா வண்டிகளிலும் கடைசியாகப் பின்போல்ட்டையும் இறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்குள் இரும்புக் குழலை மறக்காமல் செருக வேண்டும். அது இல்லையென்றால் போல்ட் ரப்பரையே நசுக்கிப் பிய்த்துவிடும். சென்சாரைக் கையால் ஏற்றி, அளவாக இறுக்கி, வயர் சூடான குழாயைத் தொடாதபடி அதன் கொக்கிகளில் மாட்ட வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

எஞ்சினைக் கிளப்பும் முன் புதிய சைலன்சரைத் தூய துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். கைபட்ட எண்ணெய்த் தடம் சூட்டில் எரிந்து குரோமில் நிலையான கறையாகிவிடும். வண்டியைத் திறந்தவெளியில் வைத்தே கிளப்ப வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதால், மூடிய போர்ட்டிகோவிலோ அறையிலோ வண்டியை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து. கிளப்பியவுடன், குழாய் சூடேறும் முன், இணைப்பிடத்தில் சோப்பு நீரைத் தடவினால் கசிவு உள்ள இடத்தில் குமிழி எழும். முதல் சில நிமிடங்களில் பூச்சும் கிரீஸும் எரிந்து சிறிது புகை வருவது இயல்பே.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஹெட்டின் நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும். கேஸ்கெட் முதல் சூட்டில் மேலும் அமர்வதால் நட்டுகள் சற்றே தளர்ந்திருக்கும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிய பின் இதை இன்னொரு முறை செய்வது நல்லது. அடுத்த முறை புகைச் சான்றிதழ் எடுக்கும்போதும் இந்த இறுக்கம் பயன்படும். இணைப்பில் கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து, கருவி காட்டும் அளவு உண்மை நிலையைப் பிரதிபலிக்காது.

பழையதும் புதியதும்

கழற்றிய சைலன்சரில் வினையூக்கி மாற்றி இருந்தால், அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடும் இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடக் கூடாது. உள்ளிருக்கும் உலோகங்களுக்காக அதைத் தனி விலைக்கு எடுக்கும் வியாபாரிகள் உள்ளனர்.

புதிய சைலன்சரின் ஆயுள் நீடிக்க, வாரம் ஒருமுறையேனும் வண்டியை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டி உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கிவிட வேண்டும். சைலன்சரின் அடியில், பின்முனைக்கு அருகில், ஒரு குண்டூசித் தலையளவே உள்ள வடிகால் துளையைப் பல வண்டிகளில் காணலாம். சேறும் துருவும் அதை அடைத்துவிடாமல் மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்திவிட வேண்டும். அத்துளையை ஓட்டை என்று கருதிப் பற்றவைத்து அடைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் நீர் உள்ளேயே தேங்கித் தகட்டைத் தின்றுவிடும். வண்டியைக் கழுவும்போது சைலன்சரின் வாயைத் துணியால் அடைப்பதும், சூடான குழாயில் நீரை ஊற்றாமலிருப்பதும், கடற்கரையூர்களில் உப்புப் படிவை நல்ல நீரால் கழுவித் துடைப்பதும் நல்ல பழக்கங்கள். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியின் சைலன்சர் மூழ்கியிருந்தால், நீர் எஞ்சின் வரை ஏறியிருக்கக்கூடும் என்பதால், எஞ்சினைச் சோதிக்காமல் வண்டியைக் கிளப்பக் கூடாது.

ஸ்டட் முறிந்த நிலை, ஹெட்டின் மரை தேய்ந்த நிலை, சென்சாரை மாட்டிய பின்னும் மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாத நிலை ஆகிய மூன்றிலும் தேர்ந்த மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைப்பதே சிக்கனம். மற்றவை அனைத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குள் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடக்கூடிய வேலைகளே.